கம்பு பிடித்த கை

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் அண்மையில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பிரம்புகள். மேலும் கீழும் குறுக்குமாக அவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. தாளம் பிசகவில்லை. பார்த்த மாத்திரத்தில் என் நினைவுக்கு வந்தது நமது கோலாட்டம். கீழே அவன் எழுதியிருந்தான்: "மாமா, இது பிலிப்பைன்ஸ் ஆக்களின்ர சண்டைக் கலை. நான் பழகத் தொடங்கி எட்டு மாதம். எங்கட ஆக்களிட்ட இப்பிடி ஏதும் இருந்ததோ? வன்னியில இருந்ததோ?"

இத்தகைய வினாவுக்கு நம்மவரிடம் ஆயத்தமான விடையொன்று உண்டு. "எல்லாம் நம்மிடமிருந்தே போனவை, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மிடம் இருந்தன" என்பதே அது. சிலம்பக் கம்புகளை யவனருக்கு விற்ற செய்தி சிலப்பதிகாரத்தில் இருப்பதாக இணையமெங்கும் எழுதுகின்றனர். எந்தக் காதையில், எந்த அடியில் என்று காட்டுவோரை நான் கண்டதில்லை. பிலிப்பைன்ஸ் கலைக்குக் 'காலி' என்றொரு பெயரும் வழங்குவதால் அது நம் காளியே என்று வாதிடுவோரும் உளர். எழுத்து ஒத்துவந்தால் வரலாறும் ஒத்துவிடும் என்றால் எங்கள் தொழில் எவ்வளவு இலகுவாயிருந்திருக்கும்! மருமகனுக்கு அப்படியொரு விடையை எழுத என் கை வரவில்லை. எனவே, அந்தக் கலை எதன்மேல் நிற்கிறது என்பதை முதலிற் பார்த்துவிட்டு, அதன்பின் நம் பக்கம் திரும்பலாம் என்று எண்ணினேன்.

ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்று மூன்று பெயர்களால் வழங்கும் அக்கலைக்குச் செபுத் தீவு ஒரு பெரும் களம். 1932 இல் அங்குதான் 'டோசே பாரெஸ்' என்னும் சங்கம் தொடங்கப்பெற்றது. 2009 டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமொன்றினால் ஆர்னிஸ் பிலிப்பைன்சின் தேசிய விளையாட்டாகவும் தேசியத் தற்காப்புக் கலையாகவும் அறிவிக்கப்பட்டது. பழகுவோர் கையிலுள்ள பிரம்பு ஏறக்குறைய 28 அங்குலம். நம் சிலம்பக் கம்பின் பாதியளவுதான்.

இக்கலையின் முதல் விதி தூரம். அவர்கள் அதனை ஸ்பானியச் சொற்களால் லார்கோ, மெடியோ, கோர்ட்டோ என மூன்றாக வகுப்பர். லார்கோ என்னும் நெடுந்தூரத்தில் என் கம்பு உன் கையை மட்டுமே எட்டும். மெடியோவில் கம்பு உடலை எட்டும். கோர்ட்டோவில் கம்பின் அடிக்கட்டையும் முழங்கையும் வெறுங்கையும் வேலை செய்யும். எந்தத் தூரத்தில் நிற்கிறோம் என்பதை அறியாதவன் எத்தனை அடி முறைகளைக் கற்றிருந்தும் பயனில்லை.

இரண்டாவது விதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எதிரியின் தலையைத் தேடாதே; ஆயுதம் பிடித்த கையை அடி என்கிறார்கள். 'பாம்பின் பல்லைப் பிடுங்குதல்' என்பது அதற்கு அவர்கள் வழங்கும் சொல்லாட்சி. பல் போன பாம்பு உயிரோடிருந்தாலும் கடிக்காது. கை நொந்தவன் கம்பைப் போடுவான். சண்டை அங்கேயே முடிந்துவிடும். கோலாட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டு பிரம்புகளைப் பின்னல்போல் வீசும் 'சினவாலி'ப் பயிற்சி கண்ணுக்குக் கோலாட்டமாகவே தெரியும். கோலாட்டத்தில் கோல் கோலைச் சந்திப்பதோடு ஆட்டம் நிறைவுறும். சினவாலியில் கோலைச் சந்திப்பது பயிற்சியின்போது மட்டும். பழகி முடிந்தபின் அதே வீச்சு நான்கு அங்குலம் தள்ளி விரல்களில் விழ வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் அடிகளுக்குப் பெயரிடுவதிலும், அவை வரும் கோணத்துக்கு எண் இடுவதே பெருவழக்கு. பல பள்ளிகளில் அவை பன்னிரண்டு. இடது நெற்றிக்கு வரும் அடி ஒன்றாவது கோணம் என்றால், அது பிரம்பால் வந்தாலும் கத்தியால் வந்தாலும் வெறுங்கையால் வந்தாலும் ஒன்றாவதுதான். வயலில் புல்வெட்டும் 'போலோ' என்னும் கத்தியைப் பிடித்திருக்கும் குடியானவனுக்கு இது பெரும் வசதி. ஆயுதத்தைத் தேடி அவன் ஓட வேண்டியதில்லை.

இவற்றைப் படித்தபோது நான் எண்ணியது செபுவையன்று, என் தாயாரின் தகப்பனாரை. அவர் எந்த ஆசானிடமும் கம்பு பழகியவரல்லர். வன்னியில் நெல்லும் மாடும் வளர்த்த மனிதர். கையில் எப்போதும் ஒரு பொல்லு இருக்கும். சிறுவனாக இருந்தபோது ஊர் நாயொன்று என்மேல் பாய வர, நான் தடியைத் தலைக்குமேல் ஓங்கினேன். பின்னால் வந்த அப்பு சத்தமிட்டார்: "ஓங்காத! ஓங்கினியெண்டா உள்ளுக்கு வந்திடும். நீட்டிப் பிடி. அது வரட்டும், நீ போகாத." தடியை நீட்டிப் பிடித்தேன். நாய் நுனியைச் சுற்றிச் சுற்றிக் குரைத்ததேயன்றி உள்ளே வரவில்லை. ஓங்கிய கை எதிரிக்கு வாசலைத் திறந்துவிடுகிறது, நீட்டிய நுனி வாசலை அடைக்கிறது என்ற பாடத்தை மூன்று தூரங்களும் பன்னிரண்டு கோணங்களும் அறியாத ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார்.

நிற்க. பிலிப்பைன்ஸ் மக்கள் தம் கலையின் முதல் நாளாகக் கொண்டாடுவது 1521 ஏப்ரல் 27. மேற்கு வழியாக வாசனைத் திரவியத் தீவுகளை அடையப் புறப்பட்ட மகெல்லன் மக்தான் தீவின் கரையில் லாப்புலாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்ட நாள் அது. உடனிருந்து தப்பிய பிகபெட்டா என்னும் இத்தாலியர் அந்தப் போரை எழுதிவைத்திருக்கிறார். அவர் குறிப்பில் கம்புக் கலை என்று ஒன்றும் இல்லை. மூங்கில் ஈட்டிகளும், தீயிற் காட்டி இறுக்கிய கழிகளும், கற்களும், அம்புகளும் உள்ளன. ஆயினும் நான் மேலே சொன்ன விதிகள் அங்கே வரிசையாக வருகின்றன. கரையோரக் கடல் ஆழமற்றது. படகுகள் தொலைவிலேயே நின்றன. அவற்றிலிருந்த பீரங்கிகளின் குண்டு எட்டவில்லை. இரும்புக் கவசம் அணிந்தவர்களின் உடலை விட்டுவிட்டுக் கவசமில்லாத கால்களையே தீவினர் குறிவைத்தனர். மூங்கில் ஈட்டியால் கையில் காயமுற்ற மகெல்லனால் தன் வாளைப் பாதிக்குமேல் உருவ முடியவில்லை. அதன்பின்னரே காலில் வெட்டு விழுந்தது. முதலில் தூரம், பின்னர் கை, கடைசியில்தான் ஆள்.

இனி நம் சிலம்பத்துக்கு வருவோம். சிலம்பு என்றால் ஒலி. காற்றைக் கிழிக்கும் ஓசையால் அப்பெயர் வந்தது என்பர். கம்பின் நீளம் அவரவர் உயரத்தைப் பொறுத்தது: நிலத்தில் ஊன்றினால் நெற்றியை எட்ட வேண்டும். மூங்கிலையோ பிரம்பையோ வெட்டி நீரில் ஊறவைத்து, தேங்கிய நீரின்மேல் அடித்தடித்து உரமேற்றுவர். நல்ல ஆசான் முதல் நாளே கையில் கம்பைக் கொடுப்பதில்லை. முதலில் காலடி. முன்வைப்பு, பின்வாங்கல், பக்கம் பெயர்தல், திரும்பல் என்று கால் பழகிய பின்னரே கை. ஏனென்றால் நீண்ட கம்பின் பலம் வீசுபவனின் தோளில் இல்லை. கால் எங்கே நிற்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் வட்டம் பிறக்கிறது. வட்டத்தின் நுனி எதிரியைத் தொட வேண்டும். அவன் நுனி நம்மைத் தொடக்கூடாது. இரண்டு நுனிகளுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு சாண் இடைவெளிக்காகவே ஆண்டுக் கணக்கில் காலடி பழகுகிறார்கள்.

பழைய போட்டிகளில் கம்பு நுனியில் சாயமோ பொடியோ தடவி, யார் உடலில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுவர். நெற்றியில் பொட்டு வாங்கியவன் தோற்றவன். பணமுடிப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதை எதிரி பறிக்காமற் காப்பதும் ஒருவகைப் போட்டி. அடிபட்டு விழுவதற்கு முன்னரே வெற்றி தோல்வியைத் தீர்த்துவிடும் ஏற்பாடு இது. கலை ஊருக்குள் நீடித்து வாழ இத்தகைய நாகரிகம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு கம்புக் கலையோடும் ஒரு தடைக் கதை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஸ்பானியர் தடுத்தனர் என்பர் பிலிப்பைன்சில். ஆங்கிலேயர் தடுத்தனர் என்று சிங்கள மக்கள் தம் அங்கம்பொரவைப் பற்றிச் சொல்வர். கட்டபொம்மனுக்குப் பின் சிலம்பம் தடைசெய்யப்பட்டது என்று நாம் சொல்வோம். நம் கதைக்கு அடிப்படையாக ஓர் ஆவணம் இருக்கிறது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 ஒக்ரோபர் 16. மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 ஒக்ரோபர் 24. அதற்கு ஐந்து வாரங்களின் பின், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வேர்ட் கிளைவ் தென் மாவட்டப் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் குடிகளும் தாக்குதலுக்குரிய ஆயுதங்களை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் ஒழிப்பதாகப் பிரகடனம் வெளியிட்டார். துப்பாக்கியும் வேலும் ஈட்டியுமே அதன் குறி. மாட்டுக்காரன் கையிலுள்ள தடியை எந்த ஆளுநராலும் ஒழிக்க முடியாது. வேலிலிருந்து இரும்பைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது கம்புதானே! தென்பாண்டி நாட்டில் கம்பு இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அந்த நிராயுதமாக்கலும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம், ஊகமென்றே கொள்க.

அந்தப் பிரகடனம் வெளியாகி இரண்டு ஆண்டு நிறையுமுன்னர், பாக்கு நீரிணைக்கு இப்பால் வன்னியில் அதே ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் மூண்டது. பண்டாரவன்னியன் கதையை அறியாத ஈழத்தமிழர் இலர். ஆனால் நாம் அறிந்தது பெரும்பாலும் நாடக மேடையில் கண்ட கதை: வாள், சூளுரை, காட்டிக்கொடுப்பு, வீரமரணம். அந்தப் போரை ஒரு கம்புக்காரனின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்?

1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் படை அழிந்தது. இலங்கையெங்கும் ஆங்கிலேயரின் கை தளர்ந்திருந்த வேளை அது. ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார். அங்கே பொறுப்பிலிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்ப நேர்ந்தது. கோட்டையிலிருந்த பீரங்கிகள் வன்னியர் வசமாயின. எதிரிப் படை முழுவதையும் அழிக்க அவருக்கு ஆளும் இல்லை, தேவையும் இல்லை. ஆயுதம் பிடித்த கையை அடித்தார். ஆயுதம் கீழே விழுந்தது. பாம்பின் பல்லைப் பிடுங்கியதற்கு நம் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் காணவில்லை.

ஒக்ரோபரில் நடந்தது அதன் மறுபக்கம். காடு என்பது வன்னியரின் நீண்ட கம்பு. அது எதிரியைத் தொலைவிலேயே நிறுத்திவைத்தது. யானைத் திறை கேட்ட ஒல்லாந்தருக்குப் பனங்காமத்துக் கயிலாய வன்னியன் நெடுங்காலம் பணியாதிருக்க முடிந்ததும் அந்தக் காட்டால்தான். அந்தத் தூரத்தை ஆங்கிலேயர் இம்முறை ஒரே நகர்வில் குறுக்கினர். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் காட்டுக்குள் நுழைந்தன. கம்பு ஒரு வட்டத்தைத்தான் காக்கும். மூன்று பக்கங்களிலிருந்து ஒரே வேளையில் உள்ளே வருவோரை அதனால் தடுக்க இயலாது. ஒக்ரோபர் 31 அன்று ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், முல்லைத்தீவில் தோற்ற அதே வொன் டிறிபேர்க், பண்டாரவன்னியனைத் திடீரெனத் தாக்கி முறியடித்தார்.

அவ்விடத்தில் ஆங்கிலேயர் நட்ட கல், இங்கே பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் தேதியுடன் சொன்னது. கொன்றார் என்று அது சொல்லவில்லை. தோற்கடித்தவர்கள் கொன்றிருந்தால் அதையும் பொறிக்கத் தயங்கியிருப்பார்களா? மேடையில் நாம் கற்சிலைமடுவில் அவரை மடியவைத்துவிட்டோம். கல்லோ தோல்வியோடு நிறுத்திக்கொண்டது. எதிரி நட்ட கல் என்பதற்காக அதிலுள்ள சொற்களைக் கவனியாமல் விடுவது நமக்கே நட்டம்.

அவருடன் நின்ற சாதாரண ஆட்கள் என்ன பிடித்திருந்தனர், எப்படிப் பழகினர் என்பதைப் பற்றி நம் நாடகங்களுக்கு அக்கறை இல்லை. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு இன்றும் நமக்குப் பெருந்துணை. ஆயினும் அவர் ஓர் ஆட்சியாளர். நிலம், குளம், வரி, குடிமதிப்பு என்பவை அவர் கண்ணில் பட்ட அளவுக்குக் கையும் காலும் அறிந்த வித்தைகள் படவில்லை. வித்தை என்பது எழுதியவனுக்கும் பாடியவனுக்கும் நடுவே நழுவிப்போகும் பொருள்.

ஆயினும் ஒரு தடயம் எஞ்சியிருக்கிறது: யானை பிடித்தல். வன்னிக் காடுகளின் பணிக்கர் பெரும் படையோடு யானையைச் சூழ்ந்தவர்கள் அல்லர். எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர்களை வியந்து எழுதியிருக்கிறார். இரண்டு பேர், தோலால் திரித்த ஒரு கயிறு; அவ்வளவே கருவி. ஒருவன் யானையின் முன்னால் நின்று அதன் சினத்தைத் தன் பக்கம் இழுப்பான். மற்றவன் பின்னால் சென்று பின்னங்காலில் சுருக்கை மாட்டி மறுமுனையை மரத்தில் கட்டுவான். எஸ்கிரிமாக்காரர்கள் கம்பு பிடிக்காத இடக்கையை 'உயிருள்ள கை' என்பர். எதிரியின் கண் கம்பில் இருக்கும்போது, அந்த வெறுங்கை அவன் மணிக்கட்டைப் பிடித்துவிடும். பணிக்கர் செய்ததும் அதுவே. இரண்டு கைகளுக்குப் பதில் இரண்டு மனிதர்.

குமுளமுனைப் பக்கத்தில் வழங்கும் அரியாத்தை கதையிலும் இதன் நிழல் உண்டு. வேலப்பணிக்கனின் மனைவி அவள். மற்றவர் அடக்க அஞ்சிய கொம்பனைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தாள் என்றும், பொறாமை கொண்டோர் கொடுத்த நஞ்சூட்டிய வெற்றிலையால் மாண்டாள் என்றும் கதை போகிறது. ஒப்பாரியாகப் பாடிப் பாடி வன்னி மக்கள் அவளைக் காத்திருக்கின்றனர். நடந்த கதையா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. யானையை ஒரு பெண் வலிமையால் வெல்ல முடியாது. எட்டி நின்று, நேரம் பார்த்து, காலைக் கட்டித்தான் வெல்ல முடியும். அதை நம்பிய ஓர் ஊர்தான் அந்தக் கதையைப் பாடியிருக்க முடியும்.

கம்பின் நீளத்தைப் பற்றி ஒரு சொல். ஐந்தரை அடிக் கம்பை முழுதாகச் சுழற்றப் பத்தடிக்கு மேல் வெளி வேண்டும். அறுவடை முடிந்த வயலும் கோயில் வீதியும் சூட்டுக்களமும் அதற்குரிய இடங்கள். பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கும் காட்டுப் பாதையில் அந்தக் கம்பு முதற் சுற்றிலேயே மரத்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே பொல்லும் கத்தியுந்தான் பேசும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் காடும் படகும் நெருக்கமான குடியிருப்பும் 28 அங்குலத்தைத் தெரிந்தெடுத்ததும் இவ்வாறே இருக்க வேண்டும்.

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியத் தமிழர் அதைத் தோட்டக் காலத்திலிருந்தே பேணி வருகின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் நான் காண்பதெல்லாம் சுழற்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு சுழற்றுகிறார்கள். பானைமேல் நின்று சுழற்றுகிறார்கள். மணிக்கணக்கில் சுழற்றிச் சாதனைச் சான்றிதழ் பெறுகிறார்கள். எதிரே ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் தூரம் என்ற ஒன்றே இல்லை. அடிக்கக் கையும் இல்லை. 2019 தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் ஆர்னிஸ் போட்டிகளைப் பாருங்கள். தனியே செய்து காட்டும் பிரிவும் உண்டு. தலைக்கவசம் அணிந்து இருவர் மோதும் பிரிவும் உண்டு. நம் ஆசான்களிலும் இருவரை எதிரெதிரே நிறுத்திப் பொட்டு எண்ணுவோர் இருக்கிறார்கள். கைதட்டல் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு எழுதினேன். வன்னியில் செபுவைப் போல ஒரு பள்ளி இருந்தது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை, ஆனால் அங்கே கற்பிக்கும் பாடம் உன் பூட்டனாருக்குத் தெரிந்திருந்தது என்றேன். நாய்க் கதையையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தான். தன் பயிற்றுநரிடம் அதைச் சொன்னதாகவும், அவர் சிரித்துவிட்டுத் தம் பிரம்பை நீட்டிப் பிடித்துக் காட்டியதாகவும் சொன்னான். பிறகு கேட்டான்:

"சிலம்பமும் பழகலாமெண்டு பாக்கிறன் மாமா. கம்பு எவ்வளவு நீளம் வேணும்?"

"நேரா நிண்டு, உன்ர நெத்தி மட்டும் அளந்து எடு."

சற்று நேரம் அவன் குரல் வரவில்லை. அளந்து பார்த்திருக்கிறான்.

"இந்த அப்பார்ட்மென்ற் ஹோலுக்குள்ள அதைச் சுத்த ஏலாது மாமா. சீலிங்கில இடிக்கும்."

கோடை வரட்டும், பூங்காவில் பழகு என்றேன். அதுவரை பிரம்பு அவன் கையில் இருக்கட்டும்.